தவிட்டுக்கு வாங்கியவள் பிளசரில் போனது

அந்தப் பயணம் எதற்கு என்று கிளம்புவதற்கு முன்பே வீட்டில் எல்லாரிடமும் கேட்டுப் பார்த்தேன். அய்யா, "லோயர் கேம்ப்புல மலையத் தொளச்சுத் தண்ணி வருது, அதப் பாக்கத்தேன்" என்றார். மாமா, "ஒன்ன வாங்குன எடத்துலயே திருப்பிக் குடுத்துட்டு வரத்தேன்" என்றார். அக்கா இன்னும் வேகமாகப் புளியைக் கரைத்தாள். தம்பிக்கு ஒரு விவரமும் தெரியாது. ஆனாலும் விடாமல் அவனிடமும் கேட்டேன். "பிளசர்ல போறதுக்கு" என்றான். அவர்களில் அவன் ஒருத்தன்தான் உண்மையைச் சொன்னான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அய்யா என்பது என் தகப்பனார். மாமா என்பது அக்காவின் கூடப்பிறந்த தம்பி. அக்கா என்று நான் சொல்வது என்னைப் பெற்ற தாயை. இந்த இடத்தில் படிக்கிறவர்கள் குழம்பக்கூடும். குழம்பட்டும், நான் எத்தனையோ வருடம் குழம்பினேன், எனக்கு யார் வந்து சொன்னார்கள்? என் தம்பி அவளை "ஆத்தா" என்று வாய் நிறையக் கூப்பிடுவான். நான் மட்டும் "அக்கா" என்றுதான் கூப்பிட வேண்டும். ஒருமுறை அவனைப் பார்த்து நானும் "ஆத்தா" என்று சொல்லிவிட்டேன். வாயிலேயே ஒன்று வைத்தாள். பிறகு அவளே என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துத் தலை வாரிப் பூ வைத்துவிட்டாள். அடித்தது எதற்கு, பூ வைத்தது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. தம்பி என்னை அக்கா என்பான், நான் அவளை அக்கா என்பேன். வாசலில் நின்று யாராவது "அக்கா" என்றால் இரண்டு பேர் எட்டிப் பார்ப்போம்.

இப்போது எனக்கு விஷயம் தெரியும். என்னைப்போல உங்களையும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து, நடக்கப் பழகுமுன்பே செத்துப்போயின. அப்போது அய்யா உத்தமபாளையத்தில் ஒரு தானிய மண்டியில் எடை போடும் வேலையில் இருந்தார். அங்கேதான் நானும் பிறந்தேன். பிறந்த கையோடு மருத்துவச்சி என்னைப் பழந்துணியில் சுற்றி, முறத்தில் கிடத்தி, கொல்லையில் இருந்த குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டு ராவுத்தரம்மா வந்து எடுத்து, "இது எம் பிள்ள" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அதற்குப் பிறகு என்னைப் பெற்றவள் கொல்லைக் கதவு வழியாக ஒரு படி தவிட்டைக் கொடுத்து என்னை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். எமன் இந்த வீட்டுப் பிள்ளையைத் தேடி வந்தால், இது அடுத்த வீட்டுப் பிள்ளை, தவிட்டுக்கு வாங்கினது என்று ஏமாந்து போய்விடுவானாம். எமனுக்கு அவ்வளவுதான் விவரம் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை.

ஆனால் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பால் பல் விழுந்து மறுபல் முளைக்கிற வரைக்கும் பெற்றவள் 'என் பிள்ளை' என்று வாய் திறந்து சொல்லக்கூடாது. பிள்ளையும் அவளைத் தாய் என்று கூப்பிடக்கூடாது. மறுபல் முளைத்த பிறகு, குப்பையிலிருந்து எடுத்தவளே பிள்ளையின் கையைப் பிடித்துப் பெற்றவள் கையில் கொடுக்க வேண்டும். இவள் வாங்கிக்கொண்டு "மகளே" என்று கூப்பிட வேண்டும். அதோடு கணக்குத் தீர்ந்தது. எனக்கு அந்த வருடம் முன்பல் இரண்டும் முளைத்திருந்தன. பயணம் அதற்குத்தான். இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னால் எமன் காதில் விழுந்துவிடாதா?

ஆக எனக்குத் தெரிந்ததெல்லாம் 'தவிட்டுக்கு வாங்கினது' என்ற ஒரே பேச்சுதான். எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளையும் அப்படிக் கேலி செய்வார்கள். அதுகளும் அழும், தாய்மார்கள் சிரித்து அணைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அக்கா அதைச் சிரிக்காமல் சொன்னாள். பேய்க்குப் பேர் சொல்வதுபோல, பயந்து பயந்து சொன்னாள். அதனால் மற்றவர்களுக்குக் கேலியாக இருந்தது எனக்கு மட்டும் உண்மையாகிப்போனது.

மாமா பெரியகுளத்தில் ஒரு முதலாளியிடம் பிளசர் ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் காரை யாரும் கார் என்று சொல்வதில்லை, பிளசர்தான். இரண்டாம் உலகச் சண்டைக் காலம். பெட்ரோலைக் கண்ணால் பார்ப்பது அரிது. அதனால் பிளசரின் பின்பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாயை மாட்டி வைத்திருந்தார்கள். அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரித்தால், வருகிற புகையைக் குடித்து இன்ஜின் ஓடுமாம். "பொகையக் குடிச்சு ஓடும்னா நம்ம தெருவுல பாதிப்பேரு ஓடணுமேடா" என்றார் அய்யா. முதலாளிக்குச் சேர வேண்டிய ஏலக்காய் மூட்டைகள் மலையிலிருந்து இறங்கி லோயர் கேம்ப்பில் கிடந்தன. அதை ஏற்றிவரப் போகும் வண்டி சும்மாதானே போகிறது, எல்லாரும் ஏறிக்கொள்ளுங்கள் என்று மாமா எங்கள் ஊர் ஜெயமங்கலத்துக்கே வந்துவிட்டார். அய்யா மண்டி வேலையை விட்டு அங்கே சொந்த நிலத்துக்குத் திரும்பி வருடக்கணக்காகியிருந்தது.

அக்காவுக்கு மனமே இல்லை. "ஆடி மாசத்துல யாராச்சும் நல்ல காரியத்துக்குப் போவாகளா?" என்றாள். அய்யா, "பாத்துக்கலாம்" என்றார். வீடு தீப்பிடித்தாலும் அய்யா அதைத்தான் சொல்வார். நல்ல காரியம் என்றால் என்ன காரியம் என்று நான் கேட்டேன். அதற்கும், "பாத்துக்கலாம்" என்றார்.

எனக்கு மட்டும் புதுப் பாவாடை கட்டிவிட்டார்கள். தம்பிக்குப் பழைய சட்டைதான். அவனுக்குப் புதுசு எடுத்து எனக்குப் பழசு கொடுப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். இன்றைக்கு மட்டும் ஏன் தலைகீழாக நடக்கிறது? ஆட்டுக்கு எதற்கு மாலை போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன? பாவாடையை அவிழ்த்துப் போடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் மாம்பழ நிறத்தில் பச்சைக் கரை. அவிழ்க்க மனம் வரவில்லை.

முன்னால் மாமாவும் அய்யாவும். பின்னால் அக்கா மடியில் தம்பி, பக்கத்தில் நான், காலடியில் புளிச்சோற்றுத் தூக்கு, ஒரு சாக்குக் கரி. தேனி தாண்டும்போதே வண்டி நின்றுவிட்டது. மாமா இறங்கிப் பீப்பாயைக் கிளறி, பக்கத்தில் இருந்த கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊதினார். குபுகுபு என்று புகை வந்தது. ஏறினோம். வீரபாண்டியில் மறுபடி நின்றது. ஆற்றங்கரைப் புளியமரத்தடியில் சோற்றைத் தின்றோம். அதற்கப்புறம் ஒரு சின்ன மேடு வந்தாலும் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. அய்யா ஒருபக்கம், அக்கா ஒருபக்கம், நடுவில் நான். தம்பி மட்டும் உள்ளே உட்கார்ந்துகொண்டு பாம் பாம் என்று ஊதலை அழுத்தினான். நடந்தே போயிருந்தால் முந்திப் போயிருப்போம் என்று அக்கா சொன்னாள். மாமாவுக்குச் சுருக்கென்றது. "மருமவளே, ஒன்ன எறக்கிவிட்டுட்டா வண்டி லேசாயிரும், அப்பறம் பாரு பறக்கும்" என்று என் பக்கம் பாய்ந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். திருப்பிக் கொடுப்பதென்றால் யாரிடம் கொடுப்பார்கள், தவிட்டைத் திருப்பி வாங்குவார்களா, எட்டு வருடம் தின்ற சோற்றை என்ன செய்வார்கள் என்றெல்லாம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மாமா கேலிதான் செய்கிறார் என்று ஒரு மனம் சொன்னது. அப்படியானால் அக்கா ஏன் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை? நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சின்னமனூர் தாண்டி ஒரு வெற்றிலைக் கொடிக்கால் ஓரத்தில் வண்டி நின்றது. உள்ளே உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பேச்சுக்கு ஆள் கிடைக்காமல் ஏங்கிக் கிடந்தவள்போல. எந்த ஊரு, எங்க போறீக, என்ன சங்கதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, "எத்தன பிள்ளைக?" என்றாள்.

"ஒண்ணுதேன். இந்தப் பயதேன்" என்றாள் அக்கா.

"அப்ப இது?"

"அது அடுத்தவுக பிள்ள. கூட வந்திருக்கு."

அந்தப் பெண் என் மோவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். "என்னத்தா இது, ஒன்ன அப்பிடியே உரிச்சு வச்சாப்புல இருக்கு. மூக்கப் பாரு, நெத்தியப் பாரு."

அக்கா அவள் கையைத் தட்டிவிட்டாள். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, செம்பைக் கொடுத்து, என்னைத் தரதரவென்று இழுத்து வண்டிக்குள் தள்ளினாள். தண்ணீர் கொடுத்தவளிடம் யாராவது இப்படிப் பேசுவார்களா? நான் மாமாவுக்கு முன்னால் இருந்த முகக்கண்ணாடியில் எட்டிப் பார்த்தேன். உரித்து வைத்தாற்போல இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். என் முகம் முழுக்கக் கரி. அவளைப் பார்த்தேன், அவள் முகத்திலும் கரி. தம்பி, அய்யா, மாமா எல்லாருக்கும் அதே கரிதான். அதை வைத்துப் பார்த்தால் எல்லாரும் ஒரு தாய் பிள்ளைகள்.

உத்தமபாளையத்தில் இறங்கியதும் அக்கா ஒரு தெருக்கிணற்றில் தண்ணீர் இறைத்து என் முகத்தை நாலு தடவை தேய்த்துக் கழுவினாள். பள்ளிவாசல் தெருவில் ஒரு வீட்டு முன்னால் நின்றோம். வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஓர் அம்மாள் வெளியே வந்தார். அக்காவைவிடக் கொஞ்சம் மூத்தவர், நல்ல வாட்டசாட்டம். எங்களை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

"எம் பிள்ள வந்திருச்சா! எம் பிள்ள என்னா வளத்தி வளந்திருச்சு!"

என்னை அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அத்தர் வாசமும் வெங்காய வாசமும் கலந்து வந்தன. என் வாழ்க்கையில் யாரும் என்னைப் பார்த்து 'எம் பிள்ள' என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆக மாமா கேலி செய்யவில்லை, இதுதான் நிஜம், இதுதான் என் வீடு, இவர்தான் என் தாய் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததும் பயமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்த வீடு மாடி வீடு.

ராவுத்தரம்மா எனக்கும் தம்பிக்கும் கை நிறையப் பேரீச்சம்பழம் கொடுத்தார். "ஏ தாயி, வாயத் தொற" என்று என் பல்லைப் பார்த்தார். விரலால் தொட்டு ஆட்டிப் பார்த்தார். "கெட்டியா மொளச்சிருக்கு. போதும்." பிறகு முகத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு, எல்லாரையும் வாசற்படிக்கு அருகே வரச்சொன்னார். படிக்கு உள்ளே அவர் நின்றார், வெளியே அக்கா நின்றாள். என் வலது கையைப் பிடித்து நீட்டினார்.

"இந்தா தங்கச்சி. இத்தன வருசம் எம் பிள்ள. இன்னைக்கு ஒங் கையில தாரேன். வாங்கிக்கிட்டு, 'எம் மகளே'ன்னு ஒரு தடவ கூப்புடு."

என் கை நீட்டினபடியே இருந்தது. அக்கா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"வேணாங்க்கா" என்றாள்.

"என்னது?"

"வேணாங்க்கா. ஒங்க பிள்ளையாவே இருக்கட்டும்."

ராவுத்தரம்மாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. "இதுக்குத்தானடி இம்புட்டுத் தூரம் வந்தீக? பல்லு மொளச்சாச்சு, கெடு முடிஞ்சாச்சு. அல்லா காப்பாத்துவான், பயப்படாத. கூப்புடு."

அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். "மொதப் பிள்ளைய வாய் நெறையக் கூப்புட்டேன். போயிருச்சு. அடுத்ததையும் கூப்புட்டேன். போயிருச்சு. இதக் கூப்புடல. இருக்கு. இப்பிடியே இருக்கட்டுங்க்கா. எனக்குக் கூப்புடணும்னு இல்ல. இருந்தாப் போதும்."

ராவுத்தரம்மா அய்யாவைப் பார்த்தார். அய்யா தலையைச் சொறிந்துகொண்டு, "ஆடியா வேற இருக்கு. பெறகு பாத்துக்கலாம்" என்றார். எனக்குக் கை வலித்தது. ராவுத்தரம்மா அதைக் கவனித்துவிட்டு, நீட்டிய கையை மெல்லத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார். "சரி. அப்ப எம் பிள்ளதேன்" என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

அக்கா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. எந்தப் பிள்ளை போனது, எங்கே போனது, எப்போது கூப்பிட்டாள்? செத்துப்போன இரண்டைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதே கிடையாது. என் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒருத்தர் கொடுக்கிறார், மற்றவள் வாங்கமாட்டேன் என்கிறாள். சந்தையில் சொத்தைக் கத்தரிக்காய்க்குக்கூட இந்தக் கதி வராது. சும்மா கொடுத்தால் யாராவது வாங்கிக்கொள்வார்கள்.

அப்படியென்றால் என்னை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள் என்றுதான் நினைத்தேன். பேரீச்சம்பழக் கொட்டையை வாயில் அடக்கிக்கொண்டு ராவுத்தரம்மா பக்கத்தில் போய் நின்றேன். ஆனால் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏறு வண்டியில" என்றாள். வேண்டாம் என்று சொன்னவளே ஏறு என்கிறாள். எம் பிள்ளை என்று சொன்னவர் கையை ஆட்டி வழியனுப்புகிறார். ஏறினேன்.

கம்பம், கூடலூர் எல்லாம் எப்படி வந்தன, எப்படிப் போயின என்று எனக்கு நினைவில்லை. ஆடிக் காற்று மலையிலிருந்து நேரே முகத்தில் அறைந்தது. இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல்கள் காற்றுக்குச் சாய்ந்து நிமிர்ந்தன. தம்பி ஒவ்வொரு கொக்கையும் காட்டினான். நான் யோசித்துக்கொண்டே வந்தேன். அக்கா இடையில் ஒருமுறை பழம் உரித்து நீட்டினாள். வாங்கவில்லை. நீ வாங்கவில்லை, நானும் வாங்கவில்லை.

லோயர் கேம்ப்புக்குப் போய்ச் சேர்ந்ததும் மாமா கூலியாட்களோடு மூட்டைகளைப் பார்க்கப் போய்விட்டார். அய்யா தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரைக் காட்டினார். மலையைத் துளைத்து வந்த தண்ணீர் பாறைகளில் விழுந்து வெள்ளையாகப் பொங்கி ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் கத்திப் பேசினால்தான் கேட்கும். அக்கா கரையில் குத்தவைத்துத் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் நான் தண்ணீரோரம் நின்றேன்.

அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஒரு ஆளுக்கு ஒரு வீடுதான் இருக்க முடியும். எம் பிள்ளை என்று யார் சொல்கிறாரோ அவர் வீடுதான் அந்த வீடு. உத்தமபாளையம் போகிற ரோடு எனக்குத் தெரியும், வந்த ரோடுதானே. போய்விட வேண்டியதுதான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அய்யா பாத்துக்கலாம் என்பார், மாமா சிரிப்பார், அவள் ஒன்றும் சொல்லமாட்டாள்.

நடந்தேன். ரோட்டோரம் ஜல்லி குவித்து வைத்திருந்த இடம்வரை வேகமாகப் போனேன். அதற்குமேல் கால் ஓடவில்லை. ரோடு நீண்டு கிடந்தது, ஆள் நடமாட்டம் இல்லை. ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ராவுத்தரம்மா என்னைப் பார்த்ததும் என்ன சொல்வார் என்று நினைக்கப் பார்த்தேன். அவர் முகம் சரியாக நினைவுக்கு வரவில்லை. துப்பட்டியும் அத்தர் வாசமும்தான் வந்தன. தூக்குவாளியைக் கழுவுகிறவள் முகம்தான் வந்து வந்து நின்றது. எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. முதலில் மாடு கத்துகிறது என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் அக்கா கரையோரமாக ஓடிக்கொண்டிருந்தாள். முந்தானை மண்ணில் புரண்டது. தம்பி அய்யாவின் தோளில் இருந்துகொண்டு, "அக்கா தண்ணிகிட்டத்தேன் நின்னுச்சு, தண்ணிகிட்டத்தேன் நின்னுச்சு" என்று அலறினான். அய்யா என் பாவாடை எங்காவது தெரிகிறதா என்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அப்போது எதையும் பாத்துக்கலாம் என்று சொல்லவில்லை. தண்ணீரைக் காவல் பார்க்கிற லஸ்கர் காக்கிச் சட்டையோடு ஓடிவந்து அக்காவை மறித்தார்.

"நில்லும்மா, உள்ள எறங்காத! யாரு பிள்ள? யாரு பிள்ளையக் காணோம்?"

"எம் பிள்ள!" என்று கத்தினாள் அவள். அவ்வளவு இரைச்சலையும் மீறி அது எனக்குக் கேட்டது. "எம் பிள்ளைய்யா! எம் மக! நான் பெத்த மக! மகளே... எம் மகளே..."

மார்பில் அடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டாள். கூப்பிடமாட்டேன் என்று முந்தானைக்குள் கையை மறைத்தவள், ஒரு தடவை கூப்பிடு என்று கெஞ்சியும் கூப்பிடாதவள், ஊர் பேர் தெரியாத லஸ்கரின் முன்னால் எண்ணிக்கை இல்லாமல் கூப்பிட்டாள்.

நான் எழுந்து ஓடினேன். ஜல்லி காலைக் குத்தியது, புதுப் பாவாடை தடுக்கியது. ஓடிக்கொண்டே நானும் கூப்பிட்டேன். அக்கா என்று அல்ல. "ஆத்தா! ஆத்தா! இங்கன இருக்கேன்!"

அவள் திரும்பினாள். அந்த ஒரு கணம் அவள் முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அப்படி ஒரு சந்தோஷம். இரண்டு கைகளையும் நீட்டினாள். நான் போய் விழுந்தேன். அவள் என்னை இறுக்கிக்கொண்டாள், மூச்சு முட்டியது. பிறகு அந்தக் கைகள் சட்டென்று தளர்ந்தன. தான் என்ன சொன்னோம், நான் என்ன சொன்னேன் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். தன் வாயை ஒரு கையால் பொத்தினாள். இன்னொரு கையால் என் வாயைப் பொத்தினாள். மலையைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், பின்னால் யாரோ நிற்பதுபோலத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல, இல்ல" என்றாள் சத்தமாக. "எம் பிள்ள இல்ல. வாய் தவறிச் சொல்லிட்டேன். இது உத்தமபாளையத்து ராவுத்தரம்மா பிள்ள. குப்பையில கெடந்தது. தவிட்டுக்கு வாங்குனது. எனக்கு ஒரு பயதேன்."

லஸ்கருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, இப்பத்தான நான் பெத்த மகள்னு கத்துன? ஒம் பிள்ளையா, இல்லையா? வெவரமாச் சொல்லு."

"இல்லைய்யா. இல்லவே இல்ல. சாமி சத்தியமா இல்ல."

லஸ்கர் அய்யாவைப் பார்த்தார். அய்யா குனிந்துகொண்டார். அவரும் அழுதுகொண்டிருந்தார். "என்னா குடும்பமடா இது" என்று முனகிக்கொண்டே லஸ்கர் போய்விட்டார். அவர் வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சொல்லியிருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

நான் எதை நம்புவது? ஒரே வாய், ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன். ஆனால் அன்றைக்கு எனக்கு அதிசயமாகக் கோபம் வரவில்லை. முதலில் சொன்னது யோசிக்காமல் தானாக வந்தது, இரண்டாவது யோசித்துச் சொன்னது என்று எனக்குப் பட்டது. யோசித்துச் சொல்கிறவர்களின் யோக்கியதை எனக்குக் காலையிலிருந்தே தெரிந்திருந்தது. இரண்டில் எனக்கு வேண்டியதை நான் எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது வண்டி முழுக்க ஏலக்காய் மூட்டைகள். காற்று இப்போது பின்னாலிருந்து அடித்ததால் பீப்பாயின் புகையெல்லாம் உள்ளே வந்தது. தம்பியை அய்யா மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் மூட்டைகளுக்கு நடுவே அக்கா ஒருத்தி நுழைய மட்டும் இடம் இருந்தது. எனக்கு அவள் மடியைத் தவிர வேறு இடம் இல்லை. மாமா கேலி செய்யவில்லை. உத்தமபாளையத்தில் ராவுத்தரம்மா வீட்டுத் தெருமுனை வந்தபோது அக்கா, "நிறுத்தாத, போ" என்றாள்.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. நான் அவள் நெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடினேன். என் பிறப்பிலேயே அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் குலுங்கும்போது விழிப்பு வரும். விழித்துப் பார்க்கும்போதெல்லாம் அவள் விரல்கள் என் முகத்தில் இருக்கும். மூக்குக்குக் கீழே, மேல் உதட்டுக்கு மேலே, தொட்டும் தொடாமலும். கொஞ்சுகிறாள், மகள் என்று சொல்லிவிட்டாள் அல்லவா, இனிக் கொஞ்சாமல் என்ன செய்வாள் என்று நினைத்துக்கொண்டு, சிரித்தபடியே மறுபடி தூங்கிப்போவேன்.

கல்யாணமாகி, எனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அதற்கு விஷக் காய்ச்சல் வந்து அசையாமல் கிடந்தபோது, நானும் அதேமாதிரி அதன் மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். வைத்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அவள் என்னைக் கொஞ்சவே இல்லை. மகள் என்று ஒரு தடவை சொல்லிவிட்ட பயத்தில், ஊர் வந்து சேருகிறவரைக்கும் எனக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள்.